முட்டி வலிக்கு "பேக்கேஜ்" விற்கிறார்கள்: சுங்கை சிப்புட் வட்டார சைக்கிள் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சுங்கை சிப்புட், லிந்தாங், கோலகங்சார் பக்கம் வார இறுதியில் சைக்கிள் ஓட்டுகிற நண்பர்களே, "இலவச முட்டிப் பரிசோதனை" என்று யாராவது கூப்பிட்டால் இதை முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் "மூட்டு மறுவாழ்வு மையம்" என்னிடம் 3,800 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, போனபோது இருந்ததைவிட மோசமான முட்டியோடு அனுப்பி வைத்தது. என் புகார் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருப்பதால் மையத்தின் பெயரைப் போடவில்லை. இவர்கள் பலகையை மாற்றிக்கொண்டு அடுத்த ஊரில் கடை திறக்கக்கூடியவர்கள். அதனால் பெயரைவிட, வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

எனக்கு இருந்தது வலது முட்டிச் சில்லைச் சுற்றி முன்பக்க வலி. சமதரையில் ஒன்றும் தெரியாது. லிந்தாங் சாலையில் ஏற்றம் வரும்போது பெரிய கியரிலேயே அழுத்தினால் குத்தும். மாடிப்படி இறங்கும்போதும், ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் வலிக்கும். வீக்கம் கிடையாது, எங்கேயும் விழவில்லை, கால் மடக்க முடியாமல் பூட்டிக்கொள்ளவும் இல்லை.

காலைப் பசாரில் குடை விரித்து மேசை போட்டிருந்தார்கள். "அண்ணே, சைக்கிள் ஓட்டுறவரா? முட்டி எப்படி இருக்கு? சும்மா மேல வந்து பாத்துட்டுப் போங்க, காசு வேணாம்." மாடியில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர். எல்லாரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். உள்ளங்கையில் ஓர் உலோகக் குச்சியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அதிலிருந்து ஒரு வயர் மடிக்கணினிக்குப் போனது. இரண்டு நிமிடத்தில் திரையில் வரிசை வரிசையாகக் கட்டங்கள், பாதி சிவப்பு. "பாருங்கண்ணே, ஜவ்வு எண்பது விழுக்காடு போயிருச்சு. மூட்டுல எண்ணெய் வத்திருச்சு. இப்படியே ஓட்டுனா ஆறு மாசத்துல வீல்சேர்தான்." பக்கத்தில் நின்ற என் மனைவியைப் பார்த்து, "அக்கா, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க" என்றார். 5,200 ரிங்கிட் பேக்கேஜ், அன்றைக்கே சேர்ந்தால் 3,800. அவள் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்துக்கொண்டுதான் கார்டு மெஷினை எடுத்து நீட்டினார்கள்.

இந்த இடத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அந்த மனிதர் என் முட்டியைத் தொடவே இல்லை. உட்கார்ந்து எழச் சொல்லவில்லை. வலி எப்போது வருகிறது, எந்த கியரில் ஓட்டுகிறேன், சீட் எவ்வளவு உயரம் என்று ஒரு கேள்வி கிடையாது. உள்ளங்கையில் பிடிக்கிற குச்சிக்கு முட்டிக்குள் இருக்கும் ஜவ்வைப் பார்க்கிற சக்தி இல்லை. எக்ஸ்ரேயில்கூட எலும்பும் எலும்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியும்தான் தெரியும். ஜவ்வை நேரடியாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். இவ்வளவு விழுக்காடு தேய்ந்துவிட்டது என்று குச்சியை வைத்துச் சொல்வது சுத்தப் பொய்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் கட்டிலில் படுக்க வைத்து, சூட்டு ஒத்தடம், தசையில் மின்சாரம் பாய்ச்சும் ஒட்டுகள், பசை தடவி உருட்டும் அல்ட்ராசவுண்ட், கடைசியில் எண்ணெய் போட்டு உருவுவது. ஓர் உடற்பயிற்சிகூடச் சொல்லித் தரவில்லை. சைக்கிளைத் தொடாதே, படி ஏறாதே, காலுக்கு முழு ஓய்வு கொடு என்று மட்டும் சொன்னார்கள். நாள் போகப் போக வெறும் நடையிலேயே வலி வந்தது. கேட்டால், "உள்ள இருக்கிற நச்சு வெளியேறுதுண்ணே, அப்படித்தான் இருக்கும்" என்று அடுத்த பேக்கேஜின் விலைப் பட்டியலை எடுத்தார்கள்.

முட்டிச் சில்லு வலிக்கு என்ன செய்யலாம், எது பயன்படாது என்று அமெரிக்க உடற்சிகிச்சையாளர்கள் 2019-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறார்கள். அல்ட்ராசவுண்ட், மின் தூண்டல், லேசர் போன்ற கருவிச் சிகிச்சைகளை இந்த வலிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது அது. கையால் பிடித்துவிடுவதை மட்டும் தனியாகச் செய்யக்கூடாது என்றும் சொல்கிறது. இடுப்பையும் தொடையையும் பலப்படுத்தும் பயிற்சிதான் முதல் சிகிச்சை. நான் காசு கொடுத்து வாங்கியது முழுக்க அந்த வேண்டாத பட்டியல்.

என் பணம் போனதைவிட என்னை ரொம்ப வருத்தியது அந்த மாடியில் காத்திருந்தவர்கள்தான். பாதிப் பேர் வயதான அம்மாக்கள், வாலிபத்தில் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கிப் பால்மரம் சீவியவர்கள். சேமநிதிப் பணத்தில் மிச்சம் வைத்திருந்ததைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். அவர்களுக்கு மூட்டுவலிப் பொடி என்று ஒரு பாக்கெட்டும் சேர்த்து விற்கிறார்கள். இனிப்பு நீர் உள்ள என் அம்மாவுக்கும் அதை வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன்: சுகாதார அமைச்சில் பதிவான மருந்துக்கு இருக்க வேண்டிய எம்.ஏ.எல். எண்ணும் இல்லை, ஹோலோகிராம் ஒட்டும் இல்லை. பதிவில்லாத மூட்டுவலிப் பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை அமைச்சு பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு வலியைச் சட்டென்று குறைக்கும். கூடவே சர்க்கரையை ஏற்றும், முகத்தை ஊத வைக்கும். பல மாதம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு பொடியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், பாக்கெட்டோடு அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கடைசியில் நான் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்த்து, கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனேன். நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். காத்திருப்பு நீளம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அங்கே இருந்த உடற்சிகிச்சையாளர், ஒரு மலாய்ப் பெண், செய்ததைப் பாருங்கள். முதலில் என்னைப் பேசவிட்டார். பிறகு ஒரு சின்னப் படிக்கட்டில் நிற்க வைத்து, ஒற்றைக் காலில் மெதுவாக இறங்கச் சொன்னார். இறங்கும்போது வலது முட்டி பெருவிரலைத் தாண்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. எதிரே இருந்த கண்ணாடியில் அதை எனக்கே காட்டினார். அளவு நாடாவை எடுத்து, முட்டிச் சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டரில் இரண்டு தொடையையும் அளந்தார். வலது தொடை இரண்டு சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. "யார் உங்களை இவ்வளவு நாள் படுக்க வைத்தது?" என்றுதான் கேட்டார்.

ஜவ்வு போகவில்லை. சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடியதால் வந்த வலி. இடுப்புப் பக்கத் தசை பலவீனம், அதோடு கடையில் வாங்கிய நாளிலிருந்து தாழ்வாகவே இருந்த சீட். சீட் தாழ்ந்தால் மிதிக்கும்போது முட்டி அதிகம் மடங்கும், சில்லு தொடையெலும்பின் மேல் அழுந்தும். தோராயமாகச் சரிபார்க்க எளிய வழி உண்டு: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழ்ப்புள்ளிக்குக் கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது அந்த இடத்தில் முட்டி 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கும். மாற்றுவதாக இருந்தால் ஒரு தடவைக்கு ஐந்து மில்லிமீட்டர் போதும். ரொம்ப உயர்த்தினால் வலி முட்டிக்குப் பின்பக்கமோ வெளிப்பக்கமோ போய்விடும்.

பயிற்சிகள் எளிமையானவை, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். சுவரில் முதுகு சாய்த்து அரை உட்காரல், பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, ரப்பர் பட்டையை முட்டிக்கு மேலே மாட்டி விரிப்பது, அந்தப் படிக்கட்டு இறக்கம். பத்துக்கு மூன்று வரை வலிக்கலாம், மறுநாள் காலையில் அடங்கியிருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன அளவு. சைக்கிளை நிறுத்தவும் சொல்லவில்லை! சமதரையில், இலேசான கியரில், நிமிடத்துக்கு 80, 90 சுற்று வரும்படி மிதிக்கச் சொன்னார். இப்போது நான் மறுபடியும் லிந்தாங் சாலையில் ஓட்டுகிறேன். ஏற்றத்தில் கியரை முன்கூட்டியே குறைத்துவிடுகிறேன்.

ஆனால் அடிபட்ட உடனே முட்டி வீங்கினாலோ, கால் பூட்டிக்கொண்டாலோ, ஊன்ற முடியாவிட்டாலோ, நடக்கும்போது முட்டி நழுவினாலோ பயிற்சி எதையும் நீங்களாகத் தொடங்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அப்படித்தான்.

தனியார் மையத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் போங்கள், நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஆளின் முழுப் பெயரைக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2020 ஜூலையில் நடப்புக்கு வந்தது. உடற்சிகிச்சையாளர் என்று வேலை செய்பவர் அந்தச் சட்டத்தின்கீழ் அமைந்த துணைச் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிவு செய்து, தொழில் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடலாம். எங்கள் "டாக்டர்" பெயர் அதில் இல்லை. விளம்பரத் தாளில் கே.கே.எல்.ஐ.யு. எண்ணும் இல்லை, மருத்துவ விளம்பரத்துக்கு அமைச்சு அனுமதி கொடுத்தால் வருகிற எண் அது.

பணத்தைக் கேட்டபோது, ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த "பணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியைக் காட்டினார்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, தொடர்ந்து தரப்போகும் சேவைக்கு முன்பணம் கட்டியவர் இடையில் ரத்து செய்யலாம். மையம் மொத்த விலையில் 5 விழுக்காட்டையும், ஏற்கெனவே கொடுத்த சேவைக்கும் பொருளுக்கும் உரியதையும்தான் பிடித்துக்கொள்ள முடியும். திரிபுனல் என்று நாம் சொல்கிற பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முதல் பாரத்தை நிரப்பி, ஐந்து ரிங்கிட் கட்டி, புகார் பதிந்திருக்கிறேன். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். மருத்துவ நிபுணர்கள் தரும் சிகிச்சை பற்றிய வழக்கை அது எடுப்பதில்லை. அதனால், பதிவில்லாத ஆட்கள் விற்ற பேக்கேஜ் என்றுதான் எழுதினேன். அவர்களுடைய ரசீதிலேயே "நல்வாழ்வுச் சேவை" என்றுதான் அச்சாகியிருக்கிறது. விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.

அந்த மாடியில் பணம் கட்டியவர்கள் ரசீது, பொடிப் பாக்கெட், வாட்ஸ்அப் செய்தி எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அம்மா அப்பா கட்டியிருந்தால் அவர்களிடம் கேட்டு வாங்கி வையுங்கள். பாரம் மலாய் மொழியில் இருக்கும். நிரப்பத் தெரியாதவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள், உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன்.