சேலஞ்சர் டீப்: ஏர்வாடிப் பக்கத்திலிருந்து ஒரு விமர்சனம்

ஆன்லைனில் போட்ட புத்தகம் கீழக்கரைக்கு வந்து சேர்வதற்குள் அட்டை மூலை மடங்கிவிட்டது, அது போகட்டும். நீல் ஷஸ்டர்மேன் எழுதிய 'சேலஞ்சர் டீப்' என்ற ஆங்கில நாவல் இது, 2015ல் வந்து அந்த ஆண்டே அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை இளையோர் பிரிவில் வாங்கியது. பதினைந்து வயதுப் பையன் கேடனுக்கு மனநோய் வருகிறது, அதுதான் கதை.

மனநோயை வைத்து டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்களில் பலர் அதை அழகான சோகமாக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் ஒரு காதல் வந்ததும் குணமாக்கிவிடுவார்கள். இதில் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணிடம் நட்பு வருகிறது, ஆனால் நோய் அதற்கெல்லாம் அசைந்து கொடுப்பதில்லை. மாத்திரை போட்டால் மூளை மந்தமாவதையும் மறைக்கவில்லை.

நோய் தொடங்கும் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பள்ளியில் ஒரு பையன் தன்னைக் கொல்லப் பார்க்கிறான் என்று கேடன் அப்பாவிடம் சொல்கிறான், அவர் ஏதோ பிள்ளைகள் சண்டை என்று நினைத்துக்கொள்கிறார், அப்புறம் ஓட்டப் பயிற்சிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குத் தெருத்தெருவாக நடக்கிறான். நம் வீடாக இருந்தால் பரீட்சை பயம் என்போம், இல்லையென்றால் காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவோம்.

நடுநடுவே கேடனின் மனசுக்குள் ஒரு கப்பல் வருகிறது, சேலஞ்சர் டீப் என்கிற, உலகத்திலேயே ஆழமான கடல்பள்ளத்தைத் தேடிப் போகிற கப்பல், கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் ஆழம். வடகடல் என்று நாம் சொல்லும் பாக் விரிகுடாவின் கையளவு ஆழத்தைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அது கற்பனைக்கே எட்டாது. முதல் ஐம்பது பக்கம் எது கப்பல், எது வீடு என்று புரியாமல் எரிச்சலாக வரும், தயவுசெய்து மூடி வைத்துவிடாதீர்கள். கப்பலில் பேசும் கிளி யார், கொடிமரத்து உச்சியில் ஊற்றிக் கொடுக்கும் பானம் என்ன என்பதெல்லாம் ஆஸ்பத்திரிக் காட்சிகள் வர வரத் தானாக விளங்கும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று தர்காவில் குணமாகும் என்று மனநோயாளிகளைக் கூட்டி வரும் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்துப்போனார்கள். அதன் பிறகும் எங்கள் ஊர்ப்பக்கம் இந்த நோய் பற்றி நடக்கிற பேச்செல்லாம் கட்டி வைத்தவர்களைப் பற்றியும் கூட்டி வந்தவர்களைப் பற்றியும்தான். கட்டப்பட்டவருக்கு உள்ளே என்ன ஓடியிருக்கும் என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. இந்த நாவல் முழுக்க அந்தப் பக்கத்திலிருந்துதான் பேசுகிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

குறை என்றால் கப்பல் பகுதி நடுவில் கொஞ்சம் இழுக்கிறது. தற்கொலை முயற்சி ஒன்றும் வருகிறது, அதனால் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பாட்டுக்கு இருக்காதீர்கள், கூடவே படியுங்கள். உள்ளே இருக்கும் கிறுக்கல் ஓவியங்கள் எழுத்தாளரின் மகன் பிரெண்டன் தானே நோயில் இருந்த காலத்தில் வரைந்தவை, போன் திரையில் அவை எடுபடாது, அச்சுப் பிரதியே வாங்குங்கள். ஐந்துக்கு நாலரை.