மைக்ரான் பேனா: வாட்டர்கலர் முகங்களுக்கு எந்த அளவு?

சகுரா நிறுவனத்தின் மெல்லிய முனைப் பேனாவான பிக்மா மைக்ரானின் மை பிக்மென்ட் (நிறமித் துகள்) வகை. நன்றாகக் காய்ந்துவிட்டால், மேலே வாட்டர்கலர் பூசினாலும் கரையாது. வழவழப்பான ஹாட் பிரஸ் தாளில் மை மெதுவாகத்தான் உலரும். அவசரப்பட்டால் கன்னத்துச் சிவப்பில் கருப்பு கலங்கிவிடும்.

கண்ணிமை, உதட்டோரத்துக்கு 01 (0.25 மி.மீ.) அருமை. முடியின் வெளிவிளிம்பு, உடை மடிப்புக்கு 05 (0.45 மி.மீ.). இன்னும் மெல்லிய 005 கோல்டு பிரஸ் தாளின் சொரசொரப்பில் சீக்கிரம் மழுங்கும். அழுத்தினால் முனை உள்ளே போய்விடும். கை அழுத்தத்துக்கேற்பக் கோடு தடித்து மெலியாது என்பதுதான் மைக்ரானின் பெரிய குறை. அந்த உயிரோட்டம் வேண்டுமென்றால் மையில் தொட்டு வரையும் நிப்பு பேனாவே சரி.

வண்ணத்தின் மேல் வரைவதானால், முதலில் புறங்கையால் தாளைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் ஈரம் போகவில்லை. மை நூல்நூலாகப் பரவும்.