என்எஃப்எஸ் நீண்ட காலப் பயன்பாடு: படம் பாதியில் கெட்டால் எங்கே தேடுவது?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கல்யாண ஆல்பம் வேலை நடக்கும் இடங்களில் அமைப்பு அநேகமாக ஒன்றுதான்: மூலையில் ஒரு லினக்ஸ் சர்வர், எட்டு போர்ட் கிகாபிட் ஸ்விட்ச், நாலைந்து எடிட்டிங் மெஷின், நடுவில் என்எஃப்எஸ், அதாவது சர்வரில் உள்ள ஃபைல்களை வலை வழியாகப் பகிரும் முறை. பல வருஷம் ஓட்டிய பிறகும் இதை நம்பிப் பயன்படுத்தலாம் என்றே சொல்வோம். ஆனால் மவுண்ட் வரியில் (எடிட்டிங் மெஷின் சர்வரின் ஃபோல்டரை இணைக்கும் வரி) ஒரு சொல், எக்ஸ்போர்ட் வரியில் (சர்வர் அதைப் பகிரும் வரி) ஒரு சொல் தப்பாக இருந்தால், கண்ணில் படும்படி ஒரு எச்சரிக்கைகூட வராமல் ஃபைல் கெட்டுப்போகும். முகூர்த்தப் படத்தைத் திறந்தால் மாலை வரைக்கும் சரியாக இருக்கும், அதற்குக் கீழே ஒரே சாம்பல் பட்டை. அதைப் பார்த்ததும் டிஸ்க் போய்விட்டது என்று புது டிஸ்க் வாங்க ஓடாதீர்கள்.

முதலில் மெமரி கார்டில் உள்ள மூலம், சர்வரில் நேரடியாக, கிளையண்டில் (எடிட்டிங் மெஷின்) என மூன்று இடத்திலும் ஷா256சம், அதாவது ஃபைலின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண், எடுங்கள். கிளையண்டில் எடுக்கும் முன் கேச்சைக் காலி செய்ய ரூட்டாகப் போய் டிராப்-கேச்சஸில் 3 எழுத வேண்டும். இல்லாவிட்டால் மெமரியில் ஏற்கெனவே இருக்கும் நகலைத்தான் திரும்பப் படிப்பீர்கள். சர்வரில் சரி, கிளையண்டில் கேச்சோடு பார்த்தால் தப்பு, கேச்சைக் காலி செய்ததும் சரியாகிறது என்றால் கோளாறு கிளையண்டில். சர்வரிலும் கேச்சைக் காலி செய்துவிட்டு இரண்டு முறை எடுத்து, இரண்டும் வேறு வேறாக வந்தால் சர்வரின் ரேம், டிஸ்க் கேபிள், கண்ட்ரோலர் இவற்றைப் பாருங்கள். மாறாமல் ஒரே தப்பான மதிப்பு வந்தால், பெரும்பாலும் எழுதும்போதே கெட்டிருக்கிறது.

அடுத்து சிஎம்பி கட்டளையை மைனஸ் எல் போட்டு, நல்ல நகலையும் கெட்டதையும் ஒப்பிடுங்கள். வரும் பட்டியலில் முதல் பத்தி பைட்டின் இடம், மற்ற இரண்டும் பைட் மதிப்புகள், எண்ம முறையில் (ஆக்டல், 8-ஐ அடிமானமாகக் கொண்டது). இடம் 1-இலிருந்து எண்ணப்படுவதால் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் 4096-ஆல் (ஒரு மெமரிப் பக்கத்தின் பைட் அளவு) வகுக்க வேண்டும். இதை மறந்து பொழுதை வீணாக்கியவர்கள் உண்டு. 101 இருக்க வேண்டிய இடத்தில் 141 என்றால் வித்தியாசம் எண்ம 40, அதாவது ஒரே ஒரு பிட். திரும்பத் திரும்ப அதே பிட் மாறினால் ரேமைச் சந்தேகப்பட்டு, ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிடுங்கள். 4096-இன் மடங்கில் தொடங்கி வரிசையாகப் பூஜ்யம் என்றால் அந்த மெமரிப் பக்கம் சர்வருக்கு வந்தே சேரவில்லை. கெட்ட துண்டு 1448 பைட் என்றால் அது 1500 எம்டியுவில் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) ஐபி, டிசிபி தலைப்புகளும் டைம்ஸ்டாம்பும் போக மிஞ்சும் தரவின் அளவு. அப்போது நெட்வொர்க் பக்கம் திரும்புங்கள்.

பூஜ்யங்களுக்குப் பெரும்பாலும் 'சாஃப்ட்' மவுண்ட்தான் காரணம்: சர்வர் பதில் தராவிட்டால் சில முயற்சியோடு கைவிட்டுவிடும். ஃபைல் மேனேஜர் தொங்கக் கூடாது என்று இதைப் போடுகிறார்கள். கூடவே பத்து விநாடி என்று நினைத்து டைமோ (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) 10 போடுகிறார்கள். அந்த அலகு விநாடியில் பத்தில் ஒரு பங்கு, ஆகவே அது ஒரே விநாடி! ஸ்விட்ச் ஒருமுறை அணைந்து எழுவதற்குள் எழுதும் வேலை பிழையோடு முடிந்துவிடும். அந்தப் பிழையைக் கவனிக்காத சாஃப்ட்வேர் 'சேவ் ஆனது' என்றே காட்டும். 'ஹார்ட்', டைமோ 600 போதும். தொங்கினால் தொங்கட்டும், சர்வர் வந்ததும் தொடரும்.

இன்னொன்று எக்ஸ்போர்ட்டில் 'ஏசிங்க்'. டிஸ்க்கில் எழுதாமலே எழுதியாயிற்று என்று சர்வர் பதில் சொல்லிவிடும். 1995-இல் வந்த என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பிலேயே இதற்கான தேவை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. கிளையண்ட் தற்காலிகமாக அனுப்பிவிட்டு, கடைசியில் கமிட், அதாவது டிஸ்க்கில் எழுதியாயிற்று என்ற உறுதி, கேட்கும். நடுவில் சர்வர் ரீபூட் ஆனால் அதன் வெரிஃபையர் எண் மாறும், அதைக் கண்டு கிளையண்ட் எல்லாவற்றையும் மறுபடி அனுப்பும். 'ஏசிங்க்' போட்டால் கமிட்டுக்கும் பொய்ப் பதில்தான் வரும், இந்தப் பாதுகாப்பே போய்விடும். ஐப்பசி இடி, இந்தப் பக்கம் துலாவர்ஷம் என்பார்கள், அந்தச் சாயங்காலங்களில் கரண்ட் கண் சிமிட்டுவது போலப் போய்வரும். வேகத்துக்காக இதைப் போட்டுக் கல்யாண வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது? சர்வரோடு ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள், பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்.

நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூலில் சிஆர்சி பிழை (வழியில் கெட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) ஏறினால் கேபிளை மாற்றுங்கள். ஆனால் படம் கெட்டதற்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு: அந்தப் பாக்கெட்டுகள் தூக்கி எறியப்படும், வேகம்தான் குறையும். ஸ்விட்சின் உள் மெமரி கெட்டிருந்தால்தான் ஆபத்து. கெட்ட பாக்கெட்டுக்கே புதுச் சிஆர்சி எழுதி அனுப்பிவிடும். பிறகு மிஞ்சுவது டிசிபியின் 16 பிட் செக்சம் (சரிபார்ப்பு எண்) மட்டும். நெட்வொர்க் கார்டின் செக்சம் ஆஃப்லோடை (செக்சத்தைக் கார்டே கணக்கிடுவதை) அணைத்து, வேறு ஸ்விட்சில் மாட்டி ஒரே பெரிய ஃபைலைப் பலமுறை அனுப்பினால் தெரிந்துவிடும். பழைய யுடிபி மவுண்ட் இருந்தால் உடனே டிசிபிக்கு மாற்றுங்கள்.

ஒரே ஃபைலின் கடைசியில் இரண்டு மெஷின்கள் சேர்க்க விடாதீர்கள். ஒன்று எழுதியதன் மேல் மற்றது எழுதிவிடும்.

டிஸ்க்கில் ஃபைலை வைக்கும் முறைகளில் இஎக்ஸ்டி4 தரவுக்குச் செக்சம் வைப்பதில்லை. இசட்எஃப்எஸ் வைக்கும், மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டுங்கள். வலையில் கெட்டு வந்ததை அதுவும் நல்லது என்றே காப்பாற்றும் என்பதால், படம் ஏற்றியதும் கார்டிலிருந்து எடுத்த ஷா256 பட்டியலை அதே ஃபோல்டரில் வைத்து சர்வரில் சரிபாருங்கள். அதுவரை கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள்.