பகிர்வுச் சேவையகமா, தனிச் சேவையகமா: நாங்கள் பகிர்வையே தேர்ந்ததன் காரணம்

எங்கள் குழு பராமரிக்கும் ஆவணக் கையொப்பச் சேவையைப் பொது மேகத்துக்கு மாற்றுவது என்று முடிவானதும் முதலில் எழுந்த கேள்வி, முன்பின் தெரியாத வாடிக்கையாளர்களின் நிரல்கள் ஓடும் அதே சேவையகத்தில் நம்முடையதையும் ஓட விடலாமா என்பதுதான். நான்கு வழிகள் இருந்தன: ஒரு சேவையகத்தை மென்பொருளால் பல கணினிகளாகப் பிரித்துப் பலருக்கும் தரும் வழக்கமான பகிர்வு மெய்நிகர் இயந்திரம்; அதே இயந்திரத்தை நமக்கென்றே ஒதுக்கிய சேவையகத்தில் ஓட்டும் பிரத்யேக ஹோஸ்ட்; அப்படிப் பிரிக்கும் மென்பொருளான வழங்குநரின் ஹைப்பர்வைசர் இல்லாமல் முழுச் சேவையகத்தையும் எடுத்துக்கொள்ளும் பேர் மெட்டல்; நினைவகத்தையே மறையாக்கம் செய்யும் ரகசியக் கணிமை இயந்திரம். நாங்கள் முதல் வழியை இரண்டு நிபந்தனைகளோடு தேர்ந்தோம். இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் செயலியின் முழுக் கோர்கள் (தனித்தனியே இயங்கும் கணிப்பு அலகுகள்) ஒதுக்கப்பட வேண்டும். கையொப்பச் சாவி எந்தச் சேவையகத்தின் நினைவகத்துக்கும் வராமல் ஹெச்எஸ்எம் என்ற வன்பொருள் பெட்டகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். பாதுகாப்பில் அக்கறையுள்ள பலருக்கு இது துணிச்சலான முடிவாகத் தோன்றும் என்பதால் காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

பக்கத்து இயந்திரத்திலிருந்து வரும் ஆபத்து கற்பனையன்று. 2009-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அமேசானின் ஈசி2 சேவையில், சில டாலர் செலவிலேயே, குறிவைத்த வாடிக்கையாளர் இருக்கும் அதே சேவையகத்தில் தங்கள் இயந்திரத்தை அமர்த்தும் வாய்ப்பை 40 சதவீதம் வரை எட்ட முடியும் என்று காட்டினார்கள். 2012-இல் இன்னொரு குழு, ஸென் ஹைப்பர்வைசரின் மேல் ஆய்வகத்தில் ஓடிய ஓர் இயந்திரத்திலிருந்து அண்டை இயந்திரத்தின் மறையாக்கச் சாவியைச் செயலியின் வேக நினைவகமான கேஷ் வழியாகவே மீட்டெடுத்தது. ஒரே கேஷைப் பலர் பயன்படுத்தும்போது, ஒருவர் எந்தத் தரவைத் தொட்டார் என்பது மற்றவருக்கு நேர வேறுபாடாகத் தெரிந்துவிடுகிறது என்பதே இதன் அடிப்படை. 2018 ஆகஸ்டில் வெளியான எல்1டிஎஃப் என்ற இன்டெல் செயலிக் குறை இதைவிடக் கடுமையானது: ஒரு கோர் ஒரே நேரத்தில் ஓட்டும் இரண்டு திரிகளில் இரு வேறு வாடிக்கையாளர்கள் ஓடினால், ஒருவர் மற்றவரின் எல்1 கேஷில் கிடக்கும் தரவையே படித்துவிட முடியும். ஹைப்பர்வைசரை உடைத்துக்கொண்டு வெளியேறும் வழிகளும் உண்டு. 2015-இல் தெரியவந்த வெனம் என்ற ஓட்டை, கியூஇஎம்யூ என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளில் யாரும் சீந்தாத ஃபிளாப்பி டிஸ்க் கட்டுப்பாட்டு நிரலில் 2004 முதலே இருந்துவந்தது.

முழுக் கோர் என்ற நிபந்தனை எல்1டிஎஃப் போன்றவற்றிலிருந்து பிறந்ததுதான். அமேசானின் மெய்நிகர் இயந்திரங்களுக்கு அடித்தளமான நைட்ரோ அமைப்பு, விலை மலிவான ‘டி’ வரிசை இயந்திரங்களைத் தவிர மற்றவற்றில் இரு வாடிக்கையாளர்கள் ஒரு கோரைப் பகிர்வதில்லை என்று தன் பாதுகாப்பு ஆவணத்தில் எழுத்துபூர்வமாகச் சொல்கிறது. ஆகவே ‘டி’ வரிசையையும் அதையொத்த பகிர்-கோர் இயந்திரங்களையும் உண்மைப் பயனர்களுக்கான உற்பத்திச் சூழலில் முற்றாக விலக்கினோம். இயங்குதளத்தின் மையமான கர்னல் ஒன்றையே பகிரும் கன்டெய்னர்களை (நிரல்களைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் உறைகளை) வாடிக்கையாளர்களுக்கு இடையிலான வேலியாக எண்ணுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. வழங்குநர்களே அவற்றை ஃபயர்கிராக்கர் போன்ற மென்பொருள் உருவாக்கும் சிறு மெய்நிகர் இயந்திரங்களுக்குள் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

பிரத்யேக ஹோஸ்ட் பக்கத்து வாடிக்கையாளரைச் சேவையகத்திலிருந்தே அகற்றிவிடுகிறது. கேஷ் வழிக் கசிவுக்கு அதைவிட நேரடியான மருந்து இல்லை. ஆனால் அது பிரித்துத் தருவது செயலியையும் நினைவகத்தையும் மட்டுமே. வலைப்பின்னல், சேமிப்பகம், கணக்கு மேலாண்மைத் தளம், வழங்குநரே நடத்தும் தரவுத்தளம் ஆகிய அனைத்தும் முன்போலவே பொதுவில்தான் இருக்கும். 2021-இல் மைக்ரோசாஃப்டின் அஸூர் மேகத்தில் உள்ள காஸ்மாஸ் டிபி என்ற தரவுத்தளச் சேவையில் வெளிப்பட்ட கேயாஸ்டிபி என்ற குறை, ஒரு வாடிக்கையாளர் பிறரது தரவுத்தளச் சாவிகளை அடைய வழிவிட்டது. அங்கே தனிச் சேவையகம் வைத்திருந்தவருக்கும் எந்த நன்மையும் கிடைத்திருக்காது. 2019-இல் கேபிடல் ஒன் வங்கியின் 10 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் வெளியேறியபோது, காரணம் தவறாக அமைக்கப்பட்ட ஃபயர்வாலும் அதற்குத் தரப்பட்டிருந்த மிகையான அனுமதியுமே தவிர, பக்கத்து இயந்திரம் எதுவும் இல்லை. மென்பொருள் உரிமத்தைச் செயலியின் சாக்கெட் (பொருத்துமிடம்) கணக்கில் வாங்கியிருப்பவர்களுக்கும், தனிச் சேவையகம் வேண்டும் என்று ஒப்பந்தமே வற்புறுத்துபவர்களுக்கும் பிரத்யேக ஹோஸ்ட் சரியான தேர்வு. எங்களுக்கு இரண்டும் இல்லை.

பேர் மெட்டல் எல்லாவற்றிலும் தூய்மையானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. முந்தைய வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த சேவையகம்தான் நமக்கு வருகிறது என்பதை அந்த எண்ணம் மறந்துவிடுகிறது. 2019 பிப்ரவரியில் எக்லிப்சியம் நிறுவனம் ஐபிஎம் மேகத்தின் பேர் மெட்டல் சேவையகங்களில் சோதித்தபோது, பிஎம்சி எனப்படும் மேலாண்மைச் சில்லின் ஃபர்ம்வேரில் (சில்லுக்குள் பதிந்த அடிப்படை மென்பொருளில்) தாங்கள் செய்த மாற்றம், சேவையகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அழியாமல் இருந்ததைக் கண்டது. ஒரே நேரத்தில் பகிராவிட்டாலும் ஒருவர்பின் ஒருவராகப் பகிர்கிறோம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவுமே இல்லை. பேட்ச், அதாவது பாதுகாப்புத் திருத்தம், போடும் பொறுப்பு யாருடையது என்ற ஒரே கேள்விதான். மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைகள் பற்றிய தகவல் 2017 ஜூனிலேயே இன்டெலைச் சென்றடைந்துவிட்டது. உலகுக்குத் தெரிந்தது 2018 ஜனவரி 3 அன்று. இடைப்பட்ட மாதங்களில் பெரிய மேக வழங்குநர்கள் ரகசியக் காப்பு உடன்பாட்டின் கீழ் தங்கள் ஹைப்பர்வைசர்களைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். செய்தி வெளியான நாளிலேயே அமேசான், தன் இயந்திரங்களில் மிகச் சிறு பகுதியைத் தவிர மற்றவை காக்கப்பட்டுவிட்டதாக அறிவித்தது. சிறிய வழங்குநர்கள் பலருக்கும், சொந்தச் சேவையகம் வைத்திருந்த பெரும்பாலோருக்கும், அது ஊருக்கெல்லாம் தெரிந்த அன்றுதான் தெரிந்தது. 2014-இலும் இதே கதைதான்: ஸென்னில் இருந்த ஒரு குறை அக்டோபர் 1 அன்று வெளியாகும் முன்பே, அமேசான் தன் இயந்திரங்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவற்றை மறுதொடக்கம் செய்து முடித்திருந்தது. மறுதொடக்கம் வாடிக்கையாளர்களுக்கு எரிச்சல் தந்ததென்னவோ உண்மை. ஆனால் ஓட்டை வெளிச்சத்துக்கு வந்த நாளில் அவர்களுடைய கதவு மூடியிருந்தது.

இத்தகைய குறைகள் நின்றபாடில்லை. 2022-இல் ரெட்பிளீட், 2023 ஜூலையில் ஜென்பிளீட், ஆகஸ்டில் டவுன்ஃபால், 2025 செப்டம்பரில் விஎம்ஸ்கேப் என்று வரிசை நீள்கிறது. பேர் மெட்டலை எடுத்து அதன் மேல் சொந்தமாகக் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசரை ஓட்டுபவர், ஒவ்வொரு முறையும் செயலியின் உள் நிரலான மைக்ரோகோடு வந்ததா, கர்னல் திருத்தம் வந்ததா, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று பார்த்து, சேவையைக் காலி செய்து, சேவையகத்தை மறுதொடக்கம் செய்து, வேகம் எவ்வளவு குறைந்தது என்று அளந்தாக வேண்டும். தனியே இதற்கென்று ஆட்கள் இருந்தால் செய்யலாம். எங்கள் அளவிலான குழுவில், பக்கத்து வாடிக்கையாளர் இல்லாத ஆனால் பேட்ச் பின்தங்கிய சேவையகத்தைவிட, பக்கத்து வாடிக்கையாளர் இருந்தும் உரிய நாளில் திருத்தப்பட்ட சேவையகமே பாதுகாப்பானது என்று உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு ஒரு விலை உண்டு. திருத்தம் நடந்ததா என்பதை நம் கண்ணால் பார்க்க முடியாது. லினக்ஸில் செயலிக் குறைகளின் நிலையைக் காட்டும் கோப்புறை ஒன்று இருக்கிறது. குறைக்கு ஒரு கோப்பு, கோப்புக்கு ஒரு வரி. மெய்நிகர் இயந்திரத்துக்குள்ளிருந்து எம்டிஎஸ் என்ற செயலிக் குறைக்கான கோப்பைத் திறந்தால், தடுப்பு இயங்குகிறது என்று சொல்லிவிட்டு, ஹோஸ்டின் எஸ்எம்டி நிலை (அடியிலுள்ள சேவையகத்தில் ஒரு கோரில் இரு திரிகள் ஓடுகின்றனவா என்பது) தெரியவில்லை என்று அந்த வரி முடிகிறது. கோரின் மறு திரியில் யார் ஓடுகிறார்கள் என்பதைக் கர்னலாலும் சொல்ல இயலாத அந்த இடத்தில், வழங்குநரின் எழுத்துபூர்வமான உறுதிமொழி ஒன்றே நமக்குப் பிடிமானம். ஆகவே அப்படி எழுதித் தராத வழங்குநரிடம் பகிர்வு இயந்திரம் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து; அந்த நிலையில் பிரத்யேக ஹோஸ்டுக்குக் கூடுதலாகச் செலவழிப்பது வீணாகாது.

ரகசியக் கணிமை இயந்திரங்களைப் பற்றி இவ்வளவு அழுத்தமாக என்னால் பேச முடியாது. சோதனைச் சூழலில் மட்டுமே ஓட்டிப் பார்த்திருக்கிறோம். ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பி, இன்டெலின் டிடிஎக்ஸ் ஆகியவை வழங்குநரின் ஹைப்பர்வைசரையே நம்பத் தேவையில்லாதபடி நினைவகத்தை மறையாக்கம் செய்கின்றன. மேலே சொன்ன நம்பிக்கைச் சிக்கலுக்கு இதுவே நேரான விடை என்று தோன்றுகிறது. இருந்தாலும் கேஷ் வழிக் கசிவை அவை முழுதாக அடைப்பதில்லை. மேலும், தான் மாற்றப்படாமல் சரியான வன்பொருளில் ஓடுவதாக இயந்திரம் தரும் சான்றுறுதியை ஒவ்வொரு முறையும் சரிபார்த்த பிறகே அதனிடம் ரகசியங்களை ஒப்படைக்க வேண்டும். அதைச் செய்யாதவருக்கு மறையாக்கம் பெயரளவில்தான் இருக்கும். அந்தச் சரிபார்ப்பை எங்கள் வெளியீட்டு முறையோடு இணைக்கும் வேலை நடக்கிறது. அது முடியும்வரை கையொப்பச் சாவி ஹெச்எஸ்எம்மிலும், மற்றவை முழுக் கோர் பகிர்வு இயந்திரங்களிலும் இருக்கும்.