3003 என்று பில் போட்டு வேறு தகடு தருகிறார்கள்: அலுமினிய பாடி வேலை செய்வோர் கவனிக்கவும்

கார் பாடி பேனல்களைக் கையால் அடித்து உருவாக்கும் பட்டறைகளுக்கும், சொந்தமாக ஒரு வண்டி கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. சென்னையில் ஓர் அலுமினிய வியாபாரியிடம் 3003 ஹெச்14 (3003 என்பது மாங்கனீஸ் கலந்த அலுமினியக் கலவையின் எண், ஹெச்14 என்பது அரைக் கடினம்), 1.6 மி.மீ. தடிமன், 8-க்கு 4 அடி, ஆறு ஷீட் என்று ஆர்டர் கொடுத்து முழுப் பணமும் கட்டியாயிற்று. வந்து இறங்கியது 3003-ம் இல்லை, 1.6 மி.மீ.யும் இல்லை. பில்லில் போட்ட எடையும் இல்லை. முன் மட்கார்டில் சக்கரத் திறப்பின் விளிம்பை உள்பக்கம் மடிக்கும்போது மயிரிழை விரிசல் விட்டது. சூடு காட்டி இளக்கி மறுபடி அடித்தால் பக்கத்திலேயே அடுத்த விரிசல். கடையில் கேட்டால், "வெட்டின ஷீட்டைத் திருப்பி எடுக்க மாட்டோம் சார், அடிக்கிறவர் கையிலதான் தப்பு" என்கிறார்கள். அடித்தவர் கையில் தப்பில்லை. ஆய்வுக்கூட அறிக்கை அதைச் சொல்லிவிட்டது. இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது, வண்டியிலிருந்து ஷீட்டை இறக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறோம்.

முதலில் தடிமன். கடையில் வெர்னியர் வைத்து 1.56 மி.மீ. காட்டினார்கள். கொஞ்சம் குறைவுதான், பரவாயில்லை என்று தோன்றும் அளவு. ஆனால் ஷீட்டின் இரண்டு பக்கமும் நீல நிறப் பாதுகாப்புப் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. அதை உரித்துவிட்டு, விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி மைக்ரோமீட்டர் வைத்தால் 1.42 மி.மீ. அந்தப் பிளாஸ்டிக் ஒரு பக்கத்துக்கு 0.07 மி.மீ. வீதம் சேர்த்துக் காட்டியிருக்கிறது. வெட்டிய விளிம்பில் பிசிறு நிற்பதால் அங்கே அளந்தால் இன்னும் கூடுதலாகவே காட்டும். ஆலைகளுக்குத் தடிமனில் சிறு ஏற்ற இறக்கம் அனுமதி உண்டு. 0.18 மி.மீ. குறைவு அந்தக் கணக்கில் வராது. 'கேஜ்' என்று பேசினால் இன்னும் மோசம். இங்கே பழக்கத்தில் இருக்கும் பிரிட்டிஷ் அளவில் 16 கேஜ் என்பது 1.63 மி.மீ.; அமெரிக்கர்கள் அலுமினியத்துக்கு வைத்திருக்கும் அளவில் அதே 16 என்பது 1.29 மி.மீ. தகராறு வந்தால் எது தோதோ அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். மில்லிமீட்டரைத் தவிர வேறெதிலும் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

அடுத்து எடை. 8-க்கு 4 ஷீட்டின் பரப்பு 2.97 சதுர மீட்டர். 3003-இன் அடர்த்தி 2.73. ஆகவே 1.6 மி.மீ. ஷீட் ஒன்று ஏறக்குறைய 13 கிலோ இருக்க வேண்டும். ஆறுக்கு 78 கிலோ. பில்லிலும் சரியாக 78 கிலோ என்றுதான் போட்டிருந்தார்கள்; ஏனென்றால் அது தராசில் வைத்த எடை அல்ல, தடிமனைப் பெருக்கிப் போட்ட கணக்கு எடை. 1.42 மி.மீ. ஷீட்டின் உண்மையான எடை 11.5 கிலோ. ஆறு ஷீட்டில் ஏறக்குறைய 9 கிலோ காற்றுக்குக் காசு. கிலோ விலையில் வாங்கினால் எடை போட்ட சீட்டைக் கேளுங்கள். ஷீட் விலையில் வாங்கினால் நீங்களே ஒன்றைத் தராசில் வையுங்கள். கிரேடு எதுவாக இருந்தாலும் அலுமினியத்தின் அடர்த்தி 2.7-ஐ ஒட்டியே இருப்பதால், பரப்பும் எடையும் தெரிந்தால் தடிமனைக் கண்டுபிடித்துவிடலாம். மைக்ரோமீட்டர் ஒரு புள்ளியைத்தான் காட்டும், தராசு ஷீட் முழுவதையும் காட்டும்.

கடையில் செய்து காட்டும் ஒரு வித்தையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஷீட்டின் மூலையைக் கையால் அழுத்தி வளைத்து, "பாருங்க சார், எவ்வளவு சாஃப்ட், வெண்ணெய் மாதிரி" என்பார்கள். அந்தச் சோதனை ஒன்றையும் சொல்லாது. கையை எடுத்ததும் நிமிர்ந்துவிடுகிற வளைவு வரைக்கும் எல்லா அலுமினியக் கலவையும் ஏறக்குறைய ஒரே விறைப்புதான். கலவை சேராத மென்மையான 1100 ஆனாலும் விமான பாகங்களுக்குப் போகும் கடினமான 6061 டி6 ஆனாலும் கைக்கு வித்தியாசம் தெரியாது. கைக்குத் தெரிவது தடிமன் மட்டும். வளைக்கும் விறைப்பு தடிமனின் கனத்தில் (தடிமன் × தடிமன் × தடிமன்) மாறும். 1.6-க்குப் பதில் 1.42 வைத்தால் விறைப்பு முப்பது சதவீதம் போய்விடுகிறது. மெல்லிய தகட்டைக் கொடுத்து, அந்த மெலிவையே மென்மை என்று விற்கிறார்கள்.

1.42-இலேயே வேலையை முடித்துவிடலாமே என்று நினைக்க வேண்டாம். மணல் பையில் கொட்டாப்புளியால் குழித்து, இங்கிலீஷ் வீலில் (இரண்டு உருளைகளுக்கு நடுவே தகட்டை அழுத்தி ஓட்டும் கருவி) ஓட்டி இழுக்கும்போது, நல்ல குவிவான இடத்தில் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுவது சாதாரணம். அப்போது 1.6 மி.மீ. தகடு 1.33-க்கு இறங்கும். 0.9 மி.மீ. இரும்புத் தகட்டின் விறைப்பு வேண்டுமானால் அலுமினியத்தில் 1.3 மி.மீ. தேவை, ஏனென்றால் அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக 1.6-இல் தொடங்கினால் அடித்து முடித்த பிறகும் பேனல் தாங்கும். 1.42-இல் தொடங்கினால் அதே இடம் 1.18-க்கு வந்து நிற்கும். அதன் மேல் மேடு பள்ளம் எடுக்க அரம் போட்டால் விரல் அழுத்தினாலே அமுங்கும் பேனல்தான் மிஞ்சும்.

இப்போது உலோகம். ஆய்வுக்கூடத்தில் ஸ்பார்க் ஸ்பெக்ட்ரோ முறையில் (தீப்பொறியின் ஒளியை வைத்து உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது என்று காண்பது) பார்த்ததில் மாங்கனீஸ் 0.38 சதவீதம், இரும்பு 0.92, சிலிக்கான் 0.71, துத்தநாகம் 0.31 என்று வந்தது. 3003-க்கு மாங்கனீஸ் 1.0 முதல் 1.5 வரை இருக்க வேண்டும், இரும்பு 0.7-ஐயும் சிலிக்கான் 0.6-ஐயும் துத்தநாகம் 0.10-ஐயும் தாண்டக்கூடாது. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. இது எந்தக் கிரேடிலும் சேராத, பழைய அலுமினியக் கழிவை உருக்கி உருட்டிய தகடு. துத்தநாகம் அந்த அளவு இருப்பதே அதற்கு அடையாளம். இப்படிப்பட்ட தகடு தட்டையாக வைத்து ரிவெட் அடிக்கிற வேலைக்குப் போதும். அடித்து இழுக்கும் வேலைக்கு ஆகாது. காரணம் இரும்பு. அது திட அலுமினியத்தில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. கடினமான துகள்களாகப் பிரிந்து நிற்கும். தகட்டை இழுக்கும்போது விரிசல் அந்தத் துகள்களின் ஓரத்தில்தான் பிறக்கிறது. சூடு காட்டி இளக்கினால் சுற்றியிருக்கும் உலோகம் இளகும், துகள் அப்படியே கிடக்கும். இளக்க இளக்க விரிசல் வந்ததற்கு இதுதான் விடை.

சான்றிதழ் கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்தார்கள். பெரிய ஆலை ஒன்றின் டெஸ்ட் சர்டிபிகேட் நகல், அதில் எல்லா எண்களும் 3003-க்கு அழகாகப் பொருந்தின. ஆனால் அதிலிருந்த வார்ப்பு எண் ஷீட்டில் எங்கும் இல்லை. ஆலையிலிருந்து நேராக வரும் ஷீட்டில் கிரேடு, டெம்பர் (ஹெச்14 போன்ற கடின நிலை), தடிமன், லாட் எண் ஆகியவை மையில் அச்சாகியிருக்கும், அல்லது கட்டின் சீட்டில் இருக்கும். இங்கே பிளாஸ்டிக்கை உரித்ததும் ஓரிடத்தில் தின்னர் போட்டுத் துடைத்த மங்கல் தடம் மட்டும் தெரிந்தது. எண் பொருந்தாத சான்றிதழ் வேறு யாருடைய ஷீட்டுக்கோ கொடுத்தது.

பில்லிலேயே ஒரு துப்பு கிடந்தது. அலுமினிய ஷீட்டுக்கு ஹெச்எஸ்என் எண் (வரிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண்) 7606. அதற்குள் கலவை சேராத அலுமினிய ஷீட் 760611, கலவை ஷீட் 760612. 3003 கலவை வகை. ஆனால் எங்களுக்கு வந்த பில்லில் பெயர் 3003, எண் 760611. எண்ணை நான்கு இலக்கத்தோடு நிறுத்தியிருந்தால் ஆறு இலக்கம் போடச் சொல்லுங்கள்.

சரக்கை ஏற்கும் முன் செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஒரு மூலையிலிருந்து 25 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளத்தில் நான்கு துண்டுகள் எடுங்கள்: உருட்டிய திசைக்கு இணையாக இரண்டு, குறுக்கே இரண்டு. மேற்பரப்பில் ஓடும் மெல்லிய கோடுகள்தான் உருட்டிய திசை. துண்டின் ஓரங்களை அரம் போட்டு மழுக்குங்கள். பிசிறோடு வளைத்தால் நல்ல தகடும் ஓரத்தில் கிழியும், பிறகு வியாபாரியோடு வாக்குவாதம்தான். வைஸில் பிடித்து 90 டிகிரி மடக்கி, பிறகு தட்டி முழுவதும் படிய வையுங்கள். 1.6 மி.மீ. 3003 ஹெச்14 இரண்டு திசையிலும் 90 டிகிரிக்கு விரிசல் இல்லாமல் மடியும். முழுக்கப் படிய வைக்கும்போது வெளிவளைவு சற்றுச் சொரசொரப்பாகலாம், பிளவு கூடாது. 6061 டி6 என்றால் 90-ஐ எட்டும் முன்பே பிளக்கும். எங்களுக்கு வந்த தகடு இணைத் துண்டில் தாங்கியது, குறுக்குத் துண்டில் பிளந்தது. ஒரே திசையில் மட்டும் பார்த்திருந்தால் சரி என்று எடுத்து வைத்திருப்போம்.

இன்னொரு துண்டின் மேல் துணி சோப்பைத் தேய்த்து, மறுபக்கத்திலிருந்து சுடர் காட்டுங்கள். சோப்பு நன்றாகக் கருத்ததும் நிறுத்துங்கள். 3003 இளக ஏறக்குறைய 415 டிகிரி செல்சியஸ் வேண்டும். 1100-க்கும், மெக்னீசியம் கலந்த 5052-க்கும் 345 போதும். அலுமினியம் சிவக்காது, நேராக உருகிச் சரியும். அதனால் கண்ணை நம்பாமல் சோப்பை நம்ப வேண்டும். ஆறியதும் அந்தத் துண்டு விரலாலேயே வளைந்து அப்படியே நிற்க வேண்டும். காஸ்டிக் சோடாத் துளி விட்டுப் பார்க்கும் சோதனையையும் பலர் சொல்வார்கள். கையுறை போட்டுச் செய்யுங்கள். செம்பு அதிகமுள்ள 2024, 7075 போன்றவை கருத்துவிடும் என்பதால் அவற்றை ஒதுக்க உதவும். 3003-ஐயும் 1100-ஐயும் பிரித்துக் காட்டாது. பழைய உலோகக் கடைகளில் துப்பாக்கி வடிவில் எக்ஸ்ரே கருவி இருந்தால் ஒரு துண்டைக் காட்டுங்கள். பழைய மாடல்கள் மெக்னீசியத்தைப் படிக்காது, ஆனால் மாங்கனீஸ், இரும்பு, துத்தநாகம் மூன்றையும் நன்றாகப் படிக்கும். 3003-க்கு அந்த மூன்றே போதும்.

எந்தக் கிரேடு என்பதில் வியாபாரி சொல்லுக்கு மயங்காதீர்கள். கையால் அடிக்க 3003 ஹெச்14 முதல் தேர்வு: போதுமான வலு, நல்ல இழுவை, கேஸ் வெல்டிங் சுலபம். கிடைக்காவிட்டால் 1100 அல்லது 1050 ஹெச்14. அடிக்க இன்னும் இதமானது, ஆனால் முடிந்த பேனலில் சுலபமாக அமுக்கு விழும். பழைய இந்திய எண்களில் 31000 என்று எழுதியிருந்தால் அது 3003 வகை, 19000 என்றால் கலவையில்லாத வகை. 5052 ஹெச்32 தட்டையான தரைக்கும் டேங்குக்கும் நல்லது. மட்கார்டுக்கு எடுத்தால் சில சுற்று அடியிலேயே இறுகி, அடிக்கடி இளக்கச் சொல்லும். 'ஏரோப்ளேன் கிரேடு' என்று 6061 டி6-ஐத் தலையில் கட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெல்டிங்கிலும் ஏமாறாதீர்கள்: கடைகளில் முதலில் எடுத்துத் தரும் 4043 கம்பி சிலிக்கான் கலந்தது. அந்தப் பற்றைத் தட்டித் தட்டையாக்கும்போது பிளக்கும். 1100 கம்பியோ, அதே ஷீட்டிலிருந்து வெட்டிய கீற்றோ வைத்துப் பற்றவையுங்கள்.

ஆட்டோவில் ஏற்ற ஷீட்டைச் சுருட்டித் தருகிறார்கள், அதையும் தடுங்கள். 1.6 மி.மீ. ஹெச்14 தகட்டை ஏறக்குறைய 75 செ.மீ. விட்டத்துக்குக் கீழே சுருட்டினால் வளைவு நிரந்தரமாகத் தங்கும். இளக்கிய தகடு அதைவிடப் பெரிய சுருளிலேயே கெடும். பலகை மேல் படுக்க வைத்துத்தான் வர வேண்டும். ஷீட்களுக்கு நடுவே மழைநீர் இறங்கி வெள்ளைக் கறை படிந்திருந்தால் அந்தக் கட்டையும் ஏற்காதீர்கள். அந்தக் கறை உலோகத்தை அரித்த தடம், தேய்த்தால் போகாது.

சட்டத்தில் இடம் இருக்கிறது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, விவரம் சொல்லி விற்ற சரக்கு அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். 41-ஆம் பிரிவு சோதித்துப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் ஷீட்டை வெட்டி வேலை தொடங்கிவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாக வாதிட இடம் கொடுக்கிறோம். நுகர்வோர் உதவி எண் 1915, வியாபாரத்துக்காக வாங்குவோருக்குப் பெரும்பாலும் உதவாது. பிழைப்புக்காகத் தானே வேலை செய்யும் தனிப் பட்டறைக்காரருக்கு வழி உண்டு. எனவே ஆர்டரிலேயே இப்படி எழுதி வாட்ஸ்அப்பில் ஒப்புதல் வாங்குங்கள்: "3003 ஹெச்14, 1.6 மி.மீ., பிளாஸ்டிக் நீக்கி அளந்த தடிமன். தராசு எடைக்கே பணம். லாட் எண் பொருந்தும் ஆலைச் சான்றிதழ். சோதனைத் துண்டு வெட்டுவது சரக்கை ஏற்றதாகாது. பொருந்தாவிட்டால் ஏழு நாளில் திரும்ப எடுத்துப் பணம் தர வேண்டும்." இதில் ஒரு வரிக்கு மறுப்பு வந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காமல் அடுத்த கடைக்குப் போங்கள்.