மதிப்பெண்ணா, சக மருத்துவர் குழுவா: இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும்

பிரிட்டனில் 2004-ல் குடும்ப மருத்துவர்களுக்குப் புது ஒப்பந்தம் வந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றை எவ்வளவு நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று அளந்து, அதிகபட்சம் 1,050 மதிப்பெண். மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பணம். இங்கிலாந்து இதைப் பல மாற்றங்களோடு தொடர்ந்தது. ஸ்காட்லாந்து 2016-ல் கைவிட்டு, அருகருகே உள்ள குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, தரத்தை மருத்துவர்களே கூடிப் பேசும் முறைக்கு மாறியது.

மதிப்பெண் முறையை மருத்துவர்கள் முழுக்க வெறுத்தார்கள் என்று சொல்ல முடியாது. பணம் வந்தது, பதிவேடுகள் ஒழுங்காயின, நாள்பட்ட நோயாளிகளைச் செவிலியர்கள் முறையாகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். எரிச்சல் வேறு இடத்தில். நோயாளி முழங்கால் வலி என்று வந்திருப்பார். கணினித் திரையோ புகைபிடிப்பதைப் பற்றிக் கேட்கச் சொல்லும். யாருடைய தேவைக்கு இந்தச் சந்திப்பு என்ற கேள்வி நியாயமானதுதான். பொருந்தாத நோயாளிகளைக் கணக்கிலிருந்து விலக்க அனுமதி இருந்தது. அதற்கும் பதிவு செய்ய வேண்டும்!

குழு முறையில் அந்தக் கண்காணிப்பு உணர்வு குறைவு. தன் எண்களைச் சக மருத்துவரிடம் காட்டுவது எளிது, காரணமும் விளக்கலாம். ஆனால் கூடிப் பேச நேரம் வேண்டும், நம்பகமான தரவும் வேண்டும். இரண்டும் தாராளமாகக் கிடைப்பதில்லை.

அப்புறம், 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், ஊக்கத்தொகை நின்றபின் ஸ்காட்லாந்தில் பல அளவீடுகள் இங்கிலாந்தை ஒப்பிடச் சரிந்திருந்தன. சிகிச்சை குறைந்ததா, பதிவு செய்வது குறைந்ததா என்று பிரிப்பது கடினம். என்னைக் கேட்டால், குழு முறையே மேல். ஆனால் சில முக்கிய அளவீடுகளையாவது பணத்தோடு கட்டாமல் தொடர்ந்து வெளியிட வேண்டும்.