உப்புக்காற்றில் ஒரு ஸ்டோரேஜ் ரேக்: டிஸ்க் பெட்டி கூட்டிய அனுபவம்

எங்கள் அலுவலகம் ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள மண்டபம் ஊர்ப் பக்கம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளைப் படம்பிடித்து வருபவர்களின் வீடியோவைச் சேமித்து வைப்பது என் வேலை. விநாடிக்கு 100 மெகாபிட்டில் பதிவாகும் 4கே வீடியோ, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். பழையதை அழிக்கவும் வழியில்லை. கோடையில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தால், போன வருடம் இதே இடம் எப்படி இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இரட்டைக் கன்ட்ரோலர் (டிஸ்க்குகளை இயக்கும் பகுதி; ஒன்று போனாலும் மற்றது ஓட்டும்) ஸ்டோரேஜ் ஒன்றை மூன்று டிஸ்க் பெட்டிகளோடு வாங்கி, பிறகு நான்காவதைக் கூட்டினோம். ஒவ்வொன்றும் 2யூ (சுமார் 9 செ.மீ.) உயரம், முன்னால் 12 டிஸ்க். சில வருடம் ஓட்டிப் பார்த்ததில் டிஸ்க்குகளைப் பற்றிப் பெரிய குறை இல்லை. ஒன்றிரண்டு போயின, மாற்றினோம், அவ்வளவுதான். மாற்றிய 12 டிபி டிஸ்க்கை விநாடிக்கு 200 எம்பி வேகத்தில் முழுதாக எழுதி முடிக்கவே 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் இன்னொன்றும் போகலாம் என்பதால், தரவைப் பல டிஸ்க்குகளில் பரப்பி எழுதி இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 முறை இல்லாமல் இந்த அளவு டிஸ்க்கில் கை வைக்க மாட்டேன். பாடாய்ப் படுத்தியதெல்லாம் ரேக்கின் பின்பக்கம்.

முதலில் மாட்டிக் கொடுத்தவர்கள், கன்ட்ரோலரையும் டிஸ்க் பெட்டிகளையும் இணைக்கும் சாஸ் கேபிளை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறக்கியிருந்தார்கள். ஏ கன்ட்ரோலரிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. பி கன்ட்ரோலரிலிருந்தும் அதே வரிசை. பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் நடுப்பெட்டி முழுதாக நின்றால் மூன்றாவது பெட்டிக்குப் போக இரண்டு வழியும் அடைபட்டுவிடும். பி பக்கத்தைக் கடைசிப் பெட்டியில் தொடங்கி மேலே ஏற்றினால், நடுப்பெட்டி போனாலும் முதல் பெட்டியை ஏ பிடித்துக்கொள்ளும், மூன்றாவதை பி பிடித்துக்கொள்ளும். செலவு, நீளமான கேபிள் ஒன்று மட்டும். பெட்டி கூட்டும்போதே இதையும் மாற்றிவிட்டேன். கூட வேலை பார்க்கும் தம்பி, "அண்ணே, இப்படிக் குறுக்கே போனா அசிங்கமா இருக்கே" என்றான். இருக்கட்டும் தம்பி என்றேன்.

இந்த முறையில் பெட்டி கூட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஏ பக்கம் சுலபம்: மூன்றாவது பெட்டியில் காலியாக இருக்கும் போர்ட்டிலிருந்து நான்காவதுக்கு ஒரு கேபிள். பி பக்கம் அப்படி இல்லை. கன்ட்ரோலரிலிருந்து மூன்றாவதுக்கு வரும் கேபிளைப் பிடுங்கி நான்காவதில் செருகி, அங்கிருந்து மூன்றாவதுக்கு இன்னொன்று போட வேண்டும். அந்த நேரம் முழுக்க எல்லா டிஸ்க்கும் ஏ வழியை நம்பித்தான் ஓடும். அதனால் புதுப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, ஏ பக்கத்தை இணைத்து, டிஸ்க்குகள் எல்லாம் திரையில் தெரிந்து, எச்சரிக்கை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் பி பக்கம் கை போக வேண்டும். பெட்டி எண் இன்னொன்றின் எண்ணோடு மோதாமல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு சின்ன விஷயம், கண்ணுக்கு எளிதில் படாது. எங்கள் பெட்டியின் பின்னால், கேபிள் செருகும் இரண்டு மாட்யூலும் (ஏ பக்கத்துக்கு ஒன்று, பி பக்கத்துக்கு ஒன்று) ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே உள்ளது தலைகீழாகப் பொருத்தப்பட்டது. அதனால் போர்ட் 1 கீழே இடப்பக்கம் என்றால் மேலே வலப்பக்கம். கேபிளின் நீலப் பட்டையும் மேலே ஒரு திசையில், கீழே எதிர்த் திசையில் நிற்கும். சரியாக உட்கார்ந்தால் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். விசிறிகளின் இரைச்சலில் அது கேட்காது. மெல்ல இழுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டாத கேபிளை ரேக்கில் ஏற்ற விடுவதில்லை.

அப்புறம் இந்த ஊர்க் காற்று. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் படகு அதிகம் போகாது, வீடியோ வராது, ரேக்கில் வேலை செய்யத் தோதான நேரம். ஆனால் கதவைத் திறந்தால் மணலும் உப்பும் உள்ளே. உப்பு வெறுமனே படிவதோடு நிற்பதில்லை; ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைந்து உலோகத்தை அரிக்கும். காலியாக இருந்த போர்ட்டுகளின் கூட்டில் வெள்ளையாகப் பூத்திருந்தது; பெட்டியோடு வந்த ரப்பர் மூடியை யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். ரேக்கின் சட்டத்தில் திருகைப் பிடிக்கும் கேஜ் நட்டுகள் துருப்பிடித்து, பெட்டியைத் தாங்கும் ரெயிலைக் கழற்றவே எண்ணெய் விட வேண்டியிருந்தது. புது ரெயிலுக்கு எவர்சில்வர் நட்டு போட்டேன். புதுப் பெட்டியையும் கச்சான் தொடங்கும் முன்பே அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டோம்.

ஏசி நின்றால் காற்றோட்டத்துக்காகக் கதவைத் திறந்து வைப்பது இங்கே எல்லோருக்கும் இருக்கும் பழக்கம். குளிர்ந்திருக்கும் இரும்பில் கடற்காற்று பட்டால் வேர்த்துவிடும். காவலாளி அண்ணனிடம் இதைச் சொல்லிப் புரியவைத்ததுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி.

பிடிக்காதவையும் உண்டு. இந்த ஸ்டோரேஜ் அதன் கம்பெனி டிஸ்க் தவிர வேறு எதையும் ஏற்க மாட்டேன் என்கிறது, விலையோ வெளிச்சந்தையைவிட மிக அதிகம். கரண்ட் போய் வரும்போது டிஸ்க் பெட்டிகள் முதலில், கன்ட்ரோலர் அப்புறம் என்ற வரிசையையும் அதுவாகப் பார்த்துக்கொள்வதில்லை. யுபிஎஸ் தீர்ந்த நாளில் ஒருவர் வந்து கையால்தான் போட வேண்டியிருக்கிறது. உதிரி பாகம் மதுரையிலிருந்து வந்து சேர வேண்டும். அதனால் ஒரு நீளக் கேபிள், ஒரு குட்டைக் கேபிள், ஒரு மாட்யூல் மூன்றையும் சிலிக்கா ஜெல்லோடு உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். ஐந்தாவது பெட்டிக்கு ரேக்கில் இடம் இருக்கிறது, பட்ஜெட்தான் இன்னும் வரவில்லை.